நல்ல மரணத்துக்கு ஒரு பூசை

என் கணவரை ஆம்புலன்சில் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கியபோது எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை, சந்தேகம். இந்த மனுசன் இதிலும் ஏதாவது சுத்துமாத்துச் செய்கிறாரோ என்றுதான் நினைத்தேன். மூக்கில் குழாய், ஒரு பக்கம் கோணிய வாய், அசையாமல் கிடந்த வலது கை. எல்லாவற்றையும் கண்ணால் கண்ட பிறகும் நான் லேசில் நம்பவில்லை. மன்னார்ப் பக்கம் கடற்கரையில் வாடிக் குடிசை போட்டுத் தங்கி மீன் பிடிக்கப் போகிறேன், பருவம் முடிய வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போன ஆள் அவர். பத்துப் பன்னிரண்டு பருவங்கள் முடிந்துவிட்டன. அங்கே ஒருத்தியோடு குடும்பமாகிவிட்டார் என்ற செய்தி எங்கள் ஊர் குருநகர் முழுக்கச் சுற்றி, நல்லாகக் களைத்த பிறகுதான் என் வீட்டு வாசற்படலைக்கு வந்தது.

பெரியாஸ்பத்திரியிலிருந்து ஒரு நேர்ஸ் பிள்ளை தொலைபேசியில் கேட்டாள்.

"நீங்கள் அவற்றை மனிசியோ?"

"ஓம்" என்று சொல்லிவிட்டேன். யோசித்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். ஆனால் வேதக் கோயிலில் மோதிரம் மாற்றிய நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு என் வாய்க்கு வேறு பதில் பழக்கமில்லை. அடையாள அட்டையில் இருந்த விலாசத்தை வைத்து என்னைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். பாரிசவாதம், இனி வீட்டில் வைத்துத்தான் பார்க்கவேண்டும், யார் பொறுப்பெடுப்பது என்று கேட்டார்கள்.

கொக்குவிலில் கல்யாணம் செய்திருக்கும் மகள் விஷயம் கேள்விப்பட்டதும் கத்தினாள். "அம்மா, உங்களுக்கு என்ன விசரோ? அந்தாள் எங்களை விட்டிட்டுப் போகேக்கை ஒருக்காத் திரும்பிப் பாத்ததோ? நான் உந்தப் பக்கம் வரமாட்டன்." அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. அவரை ஏன் எடுக்கிறேன் என்று அவளுக்கு எதையோ சொல்லிச் சமாளித்தேன்.

உண்மையான காரணம் வெட்கக்கேடானது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிறவள். மற்ற நாட்களில் வீட்டில் தையல். முதல் நன்மை என்று முதன்முதலாக நற்கருணை வாங்கும் சின்னப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளில் பாதி என் மெஷினில்தான் பிறக்கின்றன. மறைக்கல்வி வகுப்பில் வருடா வருடம் நான் சொல்லும் ஒரு பாடம் உண்டு. வயிற்றில் இருக்கும் பிள்ளை தொடக்கம் கட்டிலில் கிடக்கும் கிழவர் வரைக்கும் ஒவ்வொரு உயிரும் கடவுளின் சாயல், அதை மதிக்காதவர் கடவுளை மதிக்காதவர். நல்ல பாடம்தான். சொல்லும்போது எனக்கே மனம் நிறையும். ஒரு முறை ஒரு பெட்டைப் பிள்ளை எழும்பி, "டீச்சர், குடிகாரரும் கள்ளரும்கூடக் கடவுளின்ரை சாயலோ?" என்று கேட்டபோது, கொஞ்சமும் யோசிக்காமல், "ஓம், எல்லாரும்" என்று சொல்லியிருக்கிறேன். இனி அந்தாளை ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பது? என் வாயே எனக்கு வினையாகிவிட்டது.

இப்படித்தான் அவரை எடுத்தேன். அன்பால் எடுத்தேன் என்று யாரும் எனக்கு மாலை போடவேண்டாம்.

ஆளை அனுப்ப முதல் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு நேர்ஸ் எல்லாவற்றையும் காட்டித் தந்தாள். தலைப்பக்கத்தை உயர்த்தவேண்டும். அரித்த கஞ்சியையும் பாலையும் குழாயில் மெதுவாக விடவேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் புரட்டிப் படுக்கவைக்கவேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். கடைசியாக விரலை ஆட்டிக்கொண்டு ஒன்று சொன்னாள். "வாயாலை ஒரு சொட்டுத் தண்ணியும் குடுக்கக் கூடாது அம்மா. விழுங்கேலாது. சுவாசப்பைக்கை போனால் ஆள் முடிஞ்சுது."

நான் தலையாட்டினேன். ஒரு கரண்டித் தண்ணீரில் முடியக்கூடிய உயிரை என் கையில் தந்துவிட்டார்கள் என்பது ஓட்டோவில் வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது.

முன் அறையில் தையல் மெஷினைச் சுவரோடு ஒதுக்கிவிட்டுக் கட்டிலைப் போட்டேன். அவருடைய இடது கண் நல்லாக வேலை செய்தது. நான் போகும் பக்கமெல்லாம் அது பின்னால் வரும். இது என்னைப் பைத்தியமாக்கியது. இந்தாளுக்கு எல்லாம் விளங்குகிறதா, இல்லையா? டொக்டரைக் கேட்டால், "விளங்கலாம், விளங்காமலும் இருக்கலாம்" என்றார். அது ஒரு பதிலா? நானே சோதித்துப் பார்த்தேன். அவர் கேட்கக்கூடியதாக மெஷினுக்கு முன்னால் இருந்துகொண்டு அவரைப் பற்றி வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். மகளின் கல்யாணத்தன்று கோயில் வாசலில் தகப்பன் நிற்கவேண்டிய இடத்தில் நான்தான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னேன். கண் அசையவில்லை. மற்றப் பக்கம் திரும்பினால், அது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். கள்ளன், எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடக்கிறான் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

அவரை நான் சந்தேகப்பட்டால், என்னைச் சந்தேகப்பட ஒரு ஆள் இருந்தார். அவருடைய அக்கா, என் மச்சாள். பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறவர். தம்பியை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தபோது, "உன்ரை புருசனல்லோ" என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டவர். ஆனால் ஆள் என் வீட்டுக்கு வந்த நாள் தொடக்கம் காலையில் ஒருக்கா, மாலையில் ஒருக்கா மேற்பார்வைக்கு வந்துவிடுவார். படலையைத் தட்டும் பழக்கம் இல்லை. நேரே கட்டிலடிக்குப் போவார். போர்வையைத் தூக்கி முதுகைப் பார்ப்பார். கஞ்சி கலக்கும் சாடியை எடுத்து மூக்கில் வைத்து மணப்பார்.

"என்ன குடுத்தனி?"

"கஞ்சி மச்சாள்."

"தண்ணிமாதிரிக் கிடக்கு."

"குழாயாலை போகவேணுமெல்லே. கட்டியாக் குடுத்தா அடைச்சிடும்."

"ம்ம்" என்பார். அந்த "ம்ம்" இருக்கிறதே, அதில் முழு ஊரின் சந்தேகமும் இருந்தது. கைவிடப்பட்ட மனைவி, கையில் அகப்பட்ட புருசன். பழி தீர்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் எவளுக்குக் கிடைக்கும்? மச்சாள் வாயால் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு சொல்லியிருப்பேன். சாடியை மணந்து பார்க்கிற மனிசியிடம் என்னத்தைச் சொல்வது?

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். கஞ்சிச் சாடியோடு அவருக்குப் பக்கத்தில் தனிய நிற்கும்போது என் கையை நானே சந்தேகமாகப் பார்த்த நாட்கள் உண்டு. அவர் கண்ணும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வரும். "பயப்பிடாதையுங்கோ, கஞ்சிதான்" என்று சொல்லிவிட்டுக் குழாயில் விடுவேன்.

மாதத்தில் முதல் வெள்ளி எங்கள் பங்குச் சுவாமி நோயாளிகளைப் பார்க்க வருவார். இளம் ஆள். செபம் சொல்லி, நெற்றியில் எண்ணெய் பூசி முடித்த பிறகு படியடியில் நின்று மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, மனதார மன்னிச்சிட்டீங்களோ?"

"அது வேறை சுவாமி. கஞ்சி வேறை. கஞ்சி நேரத்துக்குக் குடுக்கிறன்."

அவர் சிரித்தார்.  அதற்காக அவரை எனக்குப் பிடித்தது.

மச்சாள் மீது எனக்குச் சந்தேகம் தொடங்கியது ஒரு கரண்டியால்தான். ஒரு நாள் மாலை நான் உடுப்பு எடுக்கப் பின்வளவுக்குப் போய் வந்தபோது, மச்சாளின் கையில் தீர்த்தப் போத்தல். கோயிலில் மந்திரித்துக் கொண்டுவந்த தண்ணீர். மற்றக் கையில் என் வீட்டுத் தேக்கரண்டி. தம்பியின் வாயடிக்குக் கொண்டுபோகிறார். நான் பாய்ந்து போய்க் கையைப் பிடித்தேன். தண்ணீர் என் சட்டையில் சிந்தியது.

"வாயாலை ஒண்டும் குடுக்கக் கூடாது எண்டு எத்தினை தரம் சொன்னனான்!"

"இது தீர்த்தம். தீர்த்தம் ஒண்டும் செய்யாது."

"தீர்த்தமும் தண்ணிதான் மச்சாள். சுவாசப்பைக்கு அது தெரியுமே?"

"நீ மறைக்கல்வி படிப்பிக்கிறனியோ, வேதத்துக்கு எதிராக் கதைக்கிறனியோ?"

அன்றிலிருந்து வீட்டிலிருந்த கரண்டிகளையெல்லாம் எடுத்து அலுமாரியில் பூட்டினேன். தேத்தண்ணிக்குச் சீனி கலக்கக்கூடத் திறப்பைத் தேடவேண்டியதாகிவிட்டது. மச்சாள் அதைக் கண்டுபிடித்துவிட்டார். சீனிப் பேணியையும் அலுமாரியையும் மாறி மாறிப் பார்த்தார். 

பிறகு இன்னொன்று. கட்டிலடியில் இருந்து செபமாலை சொல்லும்போது மச்சாள் கடைசியில் முணுமுணுக்கும் செபம் காதில் விழுந்தது. சூசையப்பருக்குச் சொல்லும் செபம். எங்கள் ஆட்களுக்குத் தெரியும், சூசையப்பர் நல்ல மரணத்தின் பாதுகாவலர். யேசுவும் மாதாவும் பக்கத்தில் இருக்கச் செத்தவர் அல்லவா, அதனால் இழுத்துப் பறித்துக்கொண்டு கிடக்கிறவர்களுக்காக அவரைத்தான் கேட்பார்கள். நான் இங்கே இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி ஆளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன், இவர் என் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு ஆளை அனுப்பிவிடச் சொல்லி விண்ணப்பம் போடுகிறார்!

"இந்த வீட்டுக்கை அந்தச் செபம் சொல்லாதையுங்கோ" என்றேன்.

"நல்ல மரணம் கேக்கிறது பாவமே? அவன் படுற பாட்டை உன்னாலை பாக்க முடியுது, என்னாலை முடியேல்லை."

"அவர் பாடு படுறாரெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"அப்ப சந்தோசமாக் கிடக்கிறானோ?"

 என் சந்தேகம் இறுகிவிட்டது. கையில் கரண்டி, வாயில் சூசையப்பர். இந்த மனிசி நல்ல நோக்கத்தோடுதான் இதைச் செய்கிறார் என்பதில்தான் எனக்குப் பயம் கூடியது. கெட்ட எண்ணத்தோடு வருகிறவரைப் படலையில் வைத்தே தடுக்கலாம். இவரை எப்படித் தடுப்பது?

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கோயிலுக்குப் போகும்போது வழமையாகப் பக்கத்து வீட்டுப் பெண் வந்து இருப்பாள். அந்த ஞாயிறு அவளுக்குக் காய்ச்சல். என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டு நிற்கையில் மச்சாள் வந்தார். "நீ போட்டு வா. நான் முதல் பூசை கண்டிட்டன். தம்பியோடை இருக்கிறன்" என்றார். குரல் தேன் மாதிரி இருந்தது. அந்தக் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அன்று முதல் நன்மைப் பிள்ளைகளுக்கு ஒத்திகை. அலுமாரிப் பூட்டை ஒருக்கா இழுத்துப் பார்த்துவிட்டு, திறப்பைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போனேன்.

கோயிலில் பிள்ளைகளோடு முன் வரிசையில் இருந்தேன். பூசை தொடங்க முன்னர், அன்றைய பூசை யார் யாருக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று ஒலிபெருக்கியில் வாசிப்பது எங்கள் கோயில் வழக்கம். நோயாளிகளுக்காக, சோதனை எழுதும் பிள்ளைகளுக்காக என்று சொல்லிக்கொண்டு வந்து, கடைசியாக இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று பெயர்களைச் சொன்னார்கள். மூன்றாவதாகவோ நாலாவதாகவோ என் கணவரின் பெயர் வந்தது. தகப்பன் பெயரும் சேர்த்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

எனக்குப் பின்னால் முழுக் கோயிலும் ஒருக்கா மூச்சை இழுத்தது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது ஒன்றுதான், மச்சாளின் தேன் குரல். நான் வீட்டைவிட்டு வெளிக்கிட்டு அரை மணித்தியாலம் இராது. அதற்குள் முடித்துவிட்டாரா? முடித்துவிட்டுக் கோயிலுக்கும் சொல்லி அனுப்பிவிட்டாரா? அப்படி நடக்கவே வழியில்லை என்று யோசிக்க எனக்கு அப்போது புத்தி இருக்கவில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டுப் பக்கவாசலால் ஓடினேன். என் வயதில் ஓடக்கூடாது. சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு செருப்பு எங்கேயோ கழன்றுபோக, ஒழுங்கை முழுக்க ஓடினேன்.

படலையடிக்கு வரும்போதே உள்ளே மச்சாளின் சத்தம் கேட்டது.

"போகாதை தம்பி! போகாதை! என்ரை ராசா, மூச்சு விடு! மூச்சு விடு!"

உள்ளே கண்ட காட்சியை என்னால் மறக்க முடியாது. மச்சாள் கட்டிலில் ஏறி, தம்பிக்குப் பின்னால் இருந்து, ஆளை நிமிர்த்தித் தன் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தார். என் கணவரின் முகம் நீலம் பாரித்துக்கிடந்தது. தொண்டை கரகரவென்று இழுத்தது. நிலத்தில் தீர்த்தப் போத்தல் சரிந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு கரண்டி. என் வீட்டுக் கரண்டியில்லை. தன் வீட்டிலிருந்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருக்கிறார்.

 இரண்டு பேருமாக அவரைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகில் தட்டினோம். வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்தேன். மச்சாள் அழுதுகொண்டே தட்ட, என் கணவர் இருமினார். இன்னும் இருமினார். தண்ணீர் வந்தது. நீலம் மெல்ல மெல்லக் குறைந்து, இடது கண் திறந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது. மச்சாள் அப்படியே அவருடைய தலையில் தன் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"ஒரு கரண்டிதான் குடுத்தனான்" என்றார். "பூசை நடக்கிற நேரத்திலை தீர்த்தம் குடுத்தா நல்லாப் போயிடுவானெண்டு நினைச்சன். போகேக்கைதான் தெரிஞ்சுது. என்னாலை விடேலாதடி."

"எந்தப் பூசை?"

"அவன்ரை நல்ல மரணத்துக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்கச் சொல்லிக் கோயிலிலை சொன்னனான்."

அப்போதுதான் விஷயம் வெளித்தது. நல்ல மரணத்துக்கு என்று மச்சாள் வாயால் சொல்லியிருக்கிறார். கோயிலில் அதை எழுதிய மனுசனுக்கு மரணம் என்ற சொல்தான் காதில் நின்றிருக்கிறது. ஆளைத் தூக்கிச் செத்தவர்களோடு சேர்த்துவிட்டார். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். இவ்வளவு காலமும் தம்பியைச் சாகக் கேட்ட மனிசி, சாவு வந்ததும் அதோடு மல்லுக்கட்டி நின்றிருக்கிறார். அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கரண்டியை எடுத்து யன்னலுக்கு வெளியே எறிந்தேன்.

அதற்குள் ஒழுங்கை நிறைந்துவிட்டது. கோயிலில் பூசை முடிந்ததும் முடியாததுமாக ஊர் புறப்பட்டுவிட்டது. யாரோ வாடகைக் கடையிலிருந்து கதிரைகள் இறக்கினார்கள். படலையில் வெள்ளைத் துணி கட்டப் பார்த்தார்கள். அவருடைய சொந்தக்காரர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அண்ணை எத்தினை அடி இருப்பார்? பெட்டிக்கு அளவு சொல்லவேணும்" என்று பக்குவமாகக் கேட்டார். நான் வாய் திறக்க முன்னமே ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலடியில் விழுந்தாள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அவள் போட்ட கூச்சலில் வெளியே நின்றவர்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள்.

"சாகேல்லை" என்றேன் எல்லாருக்கும் கேட்கும்படி. "இருக்கிறார்."

அந்த முகங்களை நான் வடிவாகப் பார்த்தேன். சந்தோஷப்பட்டவர்கள் இருந்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நிறையப் பேருக்கு என்ன முகம் காட்டுவது என்று தெரியவில்லை. கொண்டுவந்த மெழுகுதிரியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். "அப்ப… சுகமே?" என்றார் ஒருவர். கதிரைகளைத் திரும்ப ஏற்றினார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆள் இந்தக் கட்டிலில் கிடந்த இத்தனை மாதமும் இந்தப் படலையைத் திறந்து, ஒருக்கா எட்டிப் பார்த்து, "எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? செத்த உடம்பைத் தூக்கத் தோள் கொடுக்க ஊரே ஓடி வந்தது. உயிருள்ள உடம்பைப் புரட்ட ஒரு கை வரவில்லை. இதை நான் மனதுக்குள் சொல்லவில்லை, வாயைத் திறந்தே சொன்னேன். ஆட்கள் கெதியாகக் கலைந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மச்சாள் போகவில்லை. கட்டிலடியில் இருந்தபடியே இருந்தார். பின்னேரம், வெயில் சாய்கிற நேரம், படலையில் மறுபடியும் ஆள் நிற்பது தெரிந்தது. யாரோ பொடியன்கள் அவருடைய பழைய படத்தைப் பூக்களோடு சேர்த்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார்களாம். அது மன்னார்வரைக்கும் போயிருக்கிறது. படலையில் நின்றவள் மெலிந்தவள், வெயிலில் கறுத்தவள், கையில் ஒரு பை. சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் இத்தனை வருடமும் மனதில் வைத்துத் திட்டிய பெண் கொழுத்தவள், இளம் வயது, வாயில் சிரிப்பு உள்ளவள். அவளை எங்கே தேடுவது? இவள் என்னைவிடக் களைத்துப்போய் நின்றாள்.

"உவளை உள்ளை விடாதை!" என்று மச்சாள் சீறினார்.

நான் படலையடிக்குப் போனேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அக்கா, முகத்தை ஒருக்காப் பாத்திட்டுப் போயிடுறன். கோயிலுக்கு வரமாட்டன். அடக்கத்துக்குச் சேமக்காலைக்கும் வரமாட்டன். ஒருத்தருக்கும் கரைச்சல் தரமாட்டன்."

"ஆளை ஆஸ்பத்திரியிலை போட்டிட்டுப் போனனியெல்லே. இப்ப ஏன் முகம் பாக்க வந்தனி?" அந்தக் கேள்வியை நான் மாதக்கணக்காகத் தீட்டி வைத்திருந்தேன்.

"போட்டிட்டுப் போகேல்லை அக்கா. மன்னாரிலையிருந்து ஆம்புலன்சிலை நானும்தான் வந்தனான். ஆஸ்பத்திரி வாட்டிலை நீங்கள் ஆரெண்டு கேட்டவை. மனிசியெண்டு சொல்ல வாய் வரேல்லை. தெரிஞ்ச ஆளெண்டு சொன்னன். அப்ப வெளியிலை நில்லுங்கோ எண்டிச்சினம். வெளியிலைதான் நிண்டனான். ஒரு நாள் பாக்க விடேக்கை உள்ளை போனன், கட்டில் வெறுமையாக் கிடந்துது. வீட்டாக்கள் கூட்டிக்கொண்டு போட்டினம் எண்டு சொல்லிச்சினம்."

நம்பலாமா என்று அவள் முகத்தைத் துருவிப் பார்த்தேன். பொய் சொல்ல வந்தவள் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பாள். தெரிந்த ஆள்! ஒரே மனுசனுக்கு நான் வாய் தவறி "ஓம்" சொன்னேன், இவள் வாய் வராமல் விட்டாள்.

"சாகேல்லை" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் அவளை வைத்து விளையாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் வைத்தாள். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் உள்ளே போகவேண்டியிருந்தது. கட்டிலில் போர்வை ஏறி இறங்குவதைக் கண்டதும் அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

அப்போது அவர் சத்தம் போட்டார். பேச்சில்லை. தொண்டைக்குள்ளிருந்து ஒரு நீண்ட சத்தம், கூப்பிடுவது போல. கண்ணால் தண்ணீர் வழிந்தது. இத்தனை மாதம் புரட்டி, கழுவி, ஊட்டிய எனக்கு முன்னால் ஒரு முனகல்கூட வந்ததில்லை. அப்படியானால் எல்லாம் விளங்கித்தான் கிடந்திருக்கிறார். என் சந்தேகம் சரியாகிவிட்டது. ஆனால் வென்ற சந்தோஷம் வரவில்லை. பொறாமை வந்தது.  சாடியைச் சுவரில் அடிக்க வேண்டும்போல இருந்தது. மச்சாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக எழும்பி, எனக்கும் கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றார். அப்பவும் அவருக்குச் சந்தேகம்தான்.

"தள்ளுங்கோ மச்சாள்" என்றேன். "கஞ்சிக்கு நேரமாச்சு."

தலைப்பக்கத்தை உயர்த்தினேன். மச்சாள் முதுகைத் தாங்கினார். அவள் எழும்பிக் கட்டிலடியில் நின்றாள். அவளுடைய பையைப் பார்த்தேன். உள்ளே போத்தல் ஏதும் இருக்குமோ என்ற எண்ணம் வந்தது. விடவில்லை, கேட்டேவிட்டேன். "வாயாலை குடுக்க ஏதும் கொண்டந்தனியோ?" பையைத் திறந்து காட்டினாள். ஒரு வெள்ளைச் சேலை, ஒரு மெழுகுதிரி. வேறொன்றும் இல்லை.

குழாயில் கஞ்சி எப்படி விடுவது என்று அவளுக்குக் காட்டினேன். சாடியைக் கையில் கொடுத்தேன்.  "மெல்ல. கெதியா விடாதை. அவற்றை கண்ணைப் பாத்துக்கொண்டு விடு" என்றேன். அவர் அந்தக் கையைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தார். மூன்று பெண்களும் ஆளையாள் பார்த்தபடி நிற்க, கஞ்சி இறங்கியது.

கடைசி பஸ்ஸுக்கு அவள் எழும்பினாள். வெளிவாசலில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, இவருக்கு ஏதும் நடந்தா எனக்கு ஒருக்காச் சொல்லுவியளோ? ஆரும் எனக்குச் சொல்லமாட்டினம். இண்டைக்கும் ஃபேஸ்புக்கிலைதான் கண்டனான்."

"சொல்லமாட்டன்" என்றேன்.

அவள் முகம் விழுந்துபோனது. அவளுக்கு அது பழக்கமான பதில் என்பது தெரிந்தது. தலையை ஆட்டிக்கொண்டு திரும்பினாள்.

"செத்தாச் சொல்லமாட்டன். செத்த பிறகு வாறதுக்கு இஞ்சை ஊர் முழுக்க ஆக்கள் இருக்கினம். நீ ஞாயிற்றுக்கிழமை வா. நான் பூசைக்குப் போகவேணும், இவரோடை இருக்க ஒரு ஆள் வேணும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இதற்குள் என்ன சூழ்ச்சி இருக்கிறது என்று தேடுகிற பார்வை. எனக்குப் பின்னால் மச்சாளும் அதே பார்வையோடு நின்றிருப்பார் என்று திரும்பாமலே தெரிந்தது. ஒன்றும் விளக்காமல், நான் போகும் பூசை எத்தனை மணிக்கு என்று மட்டும் சொன்னேன்.